நடுவில் நிறுத்து, நிழல் போடு

கையேட்டுப் பக்கங்களை எழுதுகிறவர்களே அலங்கரித்துக்கொள்ளும் காலம் இது. வசதிதான். பில் கொஞ்சம் தாமதமாக வருகிறது.

சாஃப்ட்வேர் கையேட்டை யாரும் ஆசைப்பட்டுப் படிப்பதில்லை. ஏதாவது மக்கர் செய்த பிறகு, பாதி எரிச்சலுடன்தான் திறக்கிறார்கள். அந்த நேரத்தில் பக்கம் எப்படி இருக்கிறது என்பது சின்ன விஷயம் அல்ல. தேடி வந்தது முதல் திரையிலேயே கண்ணில் படாவிட்டால் வந்தவர் திரும்பிப் போய்விடுவார். கையேடு எழுதியவர் மாதக்கணக்கில் பட்ட பாடு வீண்.

பேண்டாஸ் என்ற சாஃப்ட்வேரின் கையேட்டை எடுத்துக்கொள்ளலாம். எண்களையும் பெயர்களையும் அட்டவணையாகப் போட்டு அலசுவதற்கான இலவசக் கருவி இது. பைதான் மொழியில் புள்ளிவிவரம் கற்கும் மாணவர் யாரும் இதைத் தொடாமல் தப்பிக்க முடியாது. வெஸ் மெக்கின்னி என்ற அமெரிக்கர் 2008ல் ஒரு முதலீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது தொடங்கியது. கையேட்டின் முதல் பக்கத்தில் நான்கு அட்டைகள்: புதியவர்களுக்கான பாடம், பயன்படுத்துவோர் வழிகாட்டி, கட்டளைகளின் பட்டியல், சாஃப்ட்வேரை மேம்படுத்த விரும்புவோருக்கான குறிப்புகள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு படம், கீழே ஒரு பட்டன், பின்னால் மெல்லிய நிழல். அகலமான திரையில் இரண்டிரண்டாக நிற்கும். செல்போனில் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிவிடும்.

இந்த அடுக்கல் எல்லாம் யாரோ ஒரு டிசைனர் தனியே உட்கார்ந்து வரைந்தது அல்ல. வாசகங்களை எழுதிய அதே ஃபைலில், வாசகங்களுக்கு நடுவிலேயே இருக்கிறது. கட்டம் என்ற கட்டளைக்குப் பக்கத்தில் '1 2 2 2' என்று நான்கு எண்கள். மிகச் சிறிய திரையில் வரிசைக்கு ஒரு அட்டை, அதற்கு மேலான மூன்று அளவுகளிலும் இரண்டு என்று பொருள். அடுத்த வரிகளில் ஒன்று, 'எஸ்டி-டெக்ஸ்ட்-சென்டர்'. எழுத்தை நடுவில் நிறுத்து. அட்டைக்குக் கீழே 'ஷேடோ: எம்டி'. நடுத்தரமாக நிழல் போடு. அவ்வளவுதான்.

இந்த ரகத்துக்கு யுடிலிட்டி கிளாஸ் என்று பெயர். ஒரு பெயர், ஒரு வேலை. ஒன்று எழுத்தைத் தடிக்க வைக்கும். இன்னொன்று மூலையை மழுக்கும். மற்றொன்று உள்ளே இடைவெளி விடும் (பூட்ஸ்ட்ராப் என்ற பிரபலத் தொகுப்பில் ஒன்று முதல் ஐந்து வரை எண் கொடுத்தால் வழக்கமாக 4, 8, 16, 24, 48 பிக்சல் இடைவெளி கிடைக்கும்). வேண்டியதைப் பொறுக்கிச் சேர்த்துக்கொள்ளலாம். ஸ்டைல் விதிகளை எழுதும் சி.எஸ்.எஸ். மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அச்சகத்துக்குப் பிரதி அனுப்பிய அனுபவம் உள்ளவர்களுக்கு இது புதிதல்ல. கையெழுத்துப் பிரதியின் ஓரத்தில் 'துணைத் தலைப்பு' என்று குறித்தால் அது எந்த எழுத்தில் வரவேண்டும் என்பதை அச்சகம் பார்த்துக்கொள்ளும். '14 பாயின்ட், போல்டு, நடுவில்' என்று குறித்தால் முடிவு எழுதியவருடையது. யுடிலிட்டி கிளாஸ் இரண்டாவது ரகம்.

இணையத்தின் பெரியவர்கள் வெகுகாலம் முதல் ரகத்தைத்தான் உபதேசித்தார்கள். 1994 அக்டோபரில் ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் இருந்த நார்வேக்காரர் ஹோகன் வியும் லீ, சி.எஸ்.எஸ். யோசனையை முன்வைத்தார். டச்சுக்காரரான பெர்ட் பாஸ் சேர்ந்துகொள்ள, 1996 டிசம்பரில் முதல் பதிப்பு அதிகாரபூர்வமானது. விஷயம் ஒரு இடத்தில், தோற்றம் வேறு இடத்தில் என்பதுதான் அதன் ஆதார எண்ணம். 2003ல் டேவ் ஷே என்ற கனடா டிசைனர் ஒரே பக்கத்தை, அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல், ஸ்டைல் ஃபைலை மட்டும் மாற்றி எத்தனை வேஷம் வேண்டுமானாலும் போடலாம் என்று செய்தே காட்டியபோது வாதம் முடிந்துவிட்டதாகத்தான் தோன்றியது.

முடியவில்லை. பெரிய நிறுவனங்களில் ஸ்டைல் ஃபைல்கள் வளர்ந்துகொண்டே போயின. பழைய விதியை நீக்கினால் எங்கோ ஒரு பக்கம் உடையும் என்ற பயத்தில் யாரும் எதையும் நீக்கவில்லை. புதிதாக எழுதிச் சேர்த்தார்கள். 2013ல் யாஹூவில் இருந்த தியரி கோப்லென்ஸ், இந்த உபதேசமே தவறு என்று கட்டுரை எழுதினார். 2017ல் கனடாவின் ஆடம் வாதன் அதே வாதத்தை இன்னும் நிதானமாக வைத்தார். அதே ஆண்டில் அவரும் நண்பர்களும் வெளியிட்ட டெயில்விண்ட், முழுக்க யுடிலிட்டி கிளாஸ்களால் ஆனது. இன்று அதை ஏற்பவர்களும் ஏசுபவர்களும் சம ஆவேசத்தில் இருக்கிறார்கள்.

கடை, வங்கி, டிக்கெட் புக்கிங் போன்ற தளங்களில் இந்தச் சண்டையில் யார் ஜெயித்தாலும் பெரிய வித்தியாசமில்லை. அங்கே பக்கங்களைக் கட்டுவது புரோகிராமர்கள். அடிக்கடி பிரித்தும் மாட்டுகிறார்கள். கையேடு வேறு ஜாதி. அதை எழுதுகிறவர் பெரும்பாலும் டிசைனர் அல்ல. இலவச சாஃப்ட்வேர்களில் சம்பளமில்லாத தொண்டர். ஒரு அட்டையை நடுவில் நிறுத்த அவர் யாரிடமும் போய் நிற்கவேண்டியதில்லை என்பது உண்மையான விடுதலை. ஆனால் அவர் எழுதியது பத்து வருஷம் அப்படியே கிடக்கும். யார் யாரோ திருத்துவார்கள். பில் வருவது இங்கேதான்.

முதல் பில் பேண்டாஸுக்கே வந்தது. அதன் கையேட்டைப் பக்கங்களாக மாற்றித் தருவது ஸ்ஃபிங்க்ஸ் என்ற கருவி (பைதான் கையேட்டுக்காக கெயோர்க் பிராண்டல் செய்து 2008ல் வெளியிட்டது, லினக்ஸ் கெர்னலின் கையேடும் 2016 முதல் இதில்தான்). அட்டைகளை அடுக்க முன்பு பேனல்ஸ் என்ற துணைக் கருவியைப் பயன்படுத்தினார்கள். அது பூட்ஸ்ட்ராப்பின் விதிகளைத் தன்னோடு சுமந்து வந்தது. பக்கத்தின் தீம் ஏற்கனவே ஒரு பூட்ஸ்ட்ராப்பை வைத்திருந்தால் இரண்டும் மோதிக்கொள்ளும். பேனல்ஸ் கைவிடப்பட்டு, டிசைன் என்ற வாரிசு வந்தது. மோதல் வேண்டாம் என்று அது எல்லாப் பெயர்களுக்கும் முன்னால் 'எஸ்டி' சேர்த்தது. 'டெக்ஸ்ட்-சென்டர்' என்று இருந்ததெல்லாம் 'எஸ்டி-டெக்ஸ்ட்-சென்டர்' ஆகவேண்டும். பக்கம் பக்கமாக, ஒரு வாசகம்கூட மாறாத ஃபைல்களைத் திறந்து திருத்தவேண்டும். தோற்றத்தை விஷயத்துக்குள் வைத்ததற்கான வட்டி.

இதில் ஒரு பெயர் மட்டும் தப்பியது. பழைய ஃபைலிலும் புதிய ஃபைலிலும் அட்டைகளின் மேல் 'இன்ட்ரோ-கார்டு', அதாவது அறிமுக அட்டை, என்று எழுதியிருக்கிறது. அது பேண்டாஸ்காரர்கள் தாங்களே வைத்த பெயர். எப்படி இருக்கவேண்டும் என்று அது சொல்வதில்லை. என்ன என்று மட்டும் சொல்கிறது. எப்படி என்பது தனியாக ஒரு ஸ்டைல் ஃபைலில் இருக்கிறது.

இரண்டாவது பில் இரவில் வருகிறது. கண் கூசாமல் இருக்கக் கறுப்புப் பின்னணி கேட்கும் வாசகர்கள் பெருகியதும், கையேட்டுத் தீம்கள் இருட்டு வண்ணத்தையும் கொடுக்கத் தொடங்கின. ஒரு அட்டைக்கு 'வெள்ளைப் பின்னணி' என்று கைப்பட எழுதியிருந்தால் அது எந்த இருட்டிலும் வெள்ளையாகவே நிற்கும். எழுத்தோ தீமின் சொல் கேட்டு வெளுத்துவிடும். வெள்ளையில் வெள்ளை. எழுதியவர் பகலில் பார்த்தார், பாவம், சரியாகத்தான் இருந்தது.

அதைவிட மோசமானது சிவப்பு. டிஸ்க்கை அழித்துவிடும் கட்டளைக்குப் பக்கத்தில் எச்சரிக்கை வைக்கவேண்டும். ஸ்ஃபிங்க்ஸில் அதற்கென்றே 'வார்னிங்' கட்டளை இருக்கிறது; போட்டால் அந்த வார்த்தையே தலைப்பாக அச்சாகும். அதை விட்டுவிட்டு, பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று சாதாரண அட்டை ஒன்றுக்குச் சிவப்பு கிளாஸ் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நிறம் பிரித்தறிய முடியாதவருக்கு அது இன்னொரு அட்டை. பார்வையற்றவருக்காகப் பக்கத்தை வாசித்துக் காட்டும் சாஃப்ட்வேர் சிவப்பை வாசிப்பதில்லை. அவருடைய டிஸ்க் போன பிறகு அட்டையின் அழகைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

டெயில்விண்டின் ஆட்களுக்கும் இது தெரியாதது அல்ல. நீண்ட கட்டுரைகளில் ஒவ்வொரு பத்திக்கும் கிளாஸ் எழுத முடியாது என்பதால் 2020ல் அவர்களே ஒரு இணைப்பை வெளியிட்டார்கள். 'ப்ரோஸ்' என்ற ஒரே கிளாஸை வெளிச்சுவரில் மாட்டினால் உள்ளே இருக்கும் தலைப்பு, பத்தி, பட்டியல் எல்லாம் தாமாகவே ஒழுங்காகும். உரைநடை என்று பொருள் தரும் பெயர். தோற்றத்தின் பெயர் அல்ல. எதிராளி வீட்டுச் சாமானைக் கொண்டுவந்து தங்கள் கூடத்தில் வைத்த மாதிரி.

மூன்றாவது பில் ஆங்கிலம் அல்லாத மொழிகளுக்கு மட்டும் வருகிறது. ஸ்ஃபிங்க்ஸ் கையேட்டை மொழிபெயர்ப்பவரிடம் வருவது வாசகங்கள் மட்டுமே. கிளாஸ்கள் மூல ஃபைலிலேயே தங்கிவிடும். ஆங்கிலக் கண்ணுக்கு ஏற்றபடி மூலத்தில் செய்த முடிவு எதுவோ அதுவே தமிழுக்கும் இந்திக்கும். தமிழுக்கு அது எப்போதும் பொருந்தாது. டெயில்விண்டில் 48 பிக்சலிலிருந்து மேலே போகும் எழுத்து அளவுகளுக்கு வரியின் உயரம் எழுத்தின் அளவேதான். ஆங்கிலத் தலைப்பு கம்பீரமாக நிற்கும். அதே தலைப்பு தமிழில் இரண்டு வரிக்கு நீண்டால் (நீளும்) மேல்வரியின் 'கூ', 'து' ஆகியவற்றின் வால் கீழ்வரியின் 'கி', 'தீ' ஆகியவற்றின் கொண்டையில் இடிக்கும். தலைப்பில் எழுத்துகளை நெருக்கும் கிளாஸ் இருந்தால் கேட்கவே வேண்டாம். எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கும் கிளாஸ் தமிழில் எதுவும் செய்யாது. சாய்வெழுத்து கேட்டால், தமிழ் ஃபான்ட்டில் அது இல்லாதபோது பிரவுசர் நேரான எழுத்தையே பிடித்துச் சரித்துவைக்கும்.

மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு வழி இருக்கிறது. பக்கத்தின் மொழி தமிழ் என்று குறித்திருந்தால், தமிழ்ப் பக்கங்களுக்கு மட்டும் வரி உயரம் இவ்வளவு என்று சி.எஸ்.எஸ்.ஸில் தனி விதி எழுதலாம். ஆனால் பூட்ஸ்ட்ராப் தன் யுடிலிட்டி கிளாஸ்களின் வாலில் 'இம்பார்ட்டன்ட்' என்ற முத்திரையைக் குத்திவைத்திருக்கிறது (ஆச்சரியக்குறி முன்னால் வரும், பின்னால் அல்ல). சாதாரண விதியால் அதை அசைக்க முடியாது. அங்கே தமிழ் விதியின் கடைசியிலும் அதே 'இம்பார்ட்டன்ட்' வேண்டும்.