பாத்ரூம் ரிப்பேர் செலவு யாருக்கு? ஹவுஸ் ஓனருக்கா, குடியிருப்பவருக்கா? சட்டம் சொல்வது என்ன?

வாடகை வீட்டில் பெரும்பாலான சண்டை வீட்டைக் காலி செய்யும் நாளில்தான் வெடிக்கிறது. "டேப் போச்சு, ஃபிளஷ் டேங்க் ஓடல, சுவரெல்லாம் ஊறிப்போச்சு" என்று ஹவுஸ் ஓனர் கணக்குப் போட, அட்வான்ஸில் பாதி கரைந்துவிடும். திண்டுக்கல் ஆர்.எம். காலனியோ, நாகல்நகரோ, கதை ஒன்றுதான். போர் தண்ணீரில் உப்பு படிந்து டேப்பும் ஷவரும் அடைத்துக்கொள்ளும் வீடுகளில் இந்தப் பேச்சு அடிக்கடி வரும்.

ஆனால் எது யார் பொறுப்பு என்று சட்டத்திலேயே பட்டியல் இருக்கிறது. 1960-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாடு சட்டத்துக்குப் பதிலாகக் கொண்டுவரப்பட்ட, நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் தமிழ்நாடு சட்டம் 2017, பிப்ரவரி 22, 2019 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 2-வது அட்டவணைதான் இதற்குப் பதில்.

ஓனர் செய்ய வேண்டியவை:

* கட்டுமானப் பழுதுகள் (குடியிருப்பவர் ஏற்படுத்திய சேதம் தவிர)
* தேவைப்படும்போது தண்ணீர் பைப் மாற்றுவது, பிளம்பிங் வேலை
* சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு, ஜன்னலுக்கு பெயின்ட்
* மின் வயரிங்

குடியிருப்பவர் செய்ய வேண்டியவை:

* டேப், டேப் வாஷர் மாற்றுவது
* கழிவுநீர்ப் பாதை அடைப்பு எடுப்பது
* டாய்லெட், வாஷ்பேசின், கீசர் பழுது
* சுவிட்ச், பிளக் பாயின்ட்
* கதவுப் பூட்டு, கைப்பிடி மாற்றுவது (பூட்டுக்குப் பேர்போன ஊரிலும் இது குடியிருப்பவர் செலவுதான்!)

சுருக்கமாக நினைவில் வைக்க ஒரு வழி: கைக்கு எட்டுகிற சாமான் குடியிருப்பவருக்கு, சுவருக்குள் ஓடுவது ஓனருக்கு.

மேல்மாடி பாத்ரூமில் கசிந்து கீழ்வீட்டு சீலிங் ஊறினால்?

சுவருக்குள் பைப் உடைந்ததாலோ, தளம் விரிசல் விட்டதாலோ கசிந்தால் அது ஓனர் கணக்கு. குடியிருப்பவர் டேப்பைத் திறந்துவிட்டுப் போனதாலோ, தளத்தை உடைத்ததாலோ வந்தால் அவர் பொறுப்பு. அதனால்தான் காரணத்தை பிளம்பரை வைத்து முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

செப்டிக் டேங்க் நிரம்பினால்?

அட்டவணையில் இதற்குத் தனி வரி இல்லை. பல வீடுகளுக்கு ஒரே டேங்க் இருக்கும் என்பதால், யார் செலவு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். ஒன்று மட்டும் கட்டாயம்: யார் காசு கொடுத்தாலும் டேங்குக்குள் ஆளை இறக்கவே கூடாது. 2013-ம் ஆண்டு சட்டப்படி முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். லாரி வைத்து இயந்திரத்தால்தான் எடுக்க வேண்டும்.

ஓனர் செய்ய மறுத்தால்?

அவர் பொறுப்பில் உள்ள வேலையைக் குடியிருப்பவரே செய்துவிட்டு, செலவை வாடகையில் கழித்துக்கொள்ள சட்டம் இடம் தருகிறது. ஆனால் ஒரே மாதத்தில் முழு வாடகையையும் நிறுத்திவிடக் கூடாது. மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டமும் மாதத்துக்குப் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது என்கிறது. முதலில் எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப் மெசேஜ், போட்டோ, பிளம்பர் பில் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

"ரிப்பேர் கேட்டா தண்ணிய நிறுத்திடுவேன்" என்று ஓனர் மிரட்டினால்? தண்ணீர், மின்சாரத்தை நிறுத்துவதைச் சட்டம் தடை செய்கிறது. துணை ஆட்சியர் அந்தஸ்துக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம்.

ஓனருக்கும் பாதுகாப்பு உண்டு. குடியிருப்பவர் தன் பங்கு வேலையைச் செய்யாமல் விட்டால், அந்தச் செலவை அட்வான்ஸில் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் சாதாரணமாகப் பயன்படுத்தியதால் வந்த தேய்மானத்துக்குப் பணம் பிடிக்க முடியாது. மீதி அட்வான்ஸை வீடு காலியான 1 மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும்.

இவ்வளவும் பேச்சோடு நின்றால் நிரூபிப்பது கஷ்டம். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்வது இந்தச் சட்டப்படி கட்டாயம். சாவி வாங்கும் அன்றே பாத்ரூம் டேப், ஃபிளஷ், சுவர், தரை எல்லாவற்றையும் ஓனர் முன்னிலையில் வீடியோ எடுத்து, அவருக்கும் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது அட்வான்ஸைக் காப்பாற்றப்போவது அந்த 2 நிமிட வீடியோதான்.