விசுவாசம் இல்லாதவர் செய்த யன்னல்கள்

கோயிலுக்கு வேலை செய்யிற ஓவியருக்கு விசுவாசம் இருக்கவேணுமா? "ஓம், கட்டாயம்" எண்டு சொல்லுறவர்கள் நிறையப் பேர். அவர்களோடு நாங்கள் உடன்படவில்லை. ஏன் எண்டு சொல்ல, கிழக்குப் பிரான்சில் ஒடன்கூர் என்ற ஊரில் இருக்கும் திரு இருதய ஆலயத்தைப் பார்ப்போம்.

ஒடன்கூர் ஒரு தொழிலாளர் ஊர். பெஜோ கார் தொழிற்சாலை அதற்குப் பக்கத்தில்தான். 1949இல் கோயில் வேலை தொடங்கியபோது பங்கு மக்களே தங்கள் ஓய்வு நேரத்தில் வந்து கட்டட வேலைக்குக் கைகொடுத்தார்கள். கட்டடக் கலைஞர் மொரிஸ் நோவரினா. 1951இல் கோயில் நேர்ந்தளிக்கப்பட்டது.

யன்னல்களை வடிவமைத்தவர் பெர்னாண்ட் லெஜே. இவர் இயந்திரங்களையும் தொழிலாளிகளையும் வரைந்து பெயர் எடுத்தவர். 1945இல் கொம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தவர். கொம்யூனிசத்தை ஆதரிக்கும் கத்தோலிக்கருக்கு எதிராக வத்திக்கான் ஆணை வெளியிட்டதும் அதே 1949இல்தான். அப்படிப்பட்ட காலத்தில் இப்படிப்பட்ட ஆளிடம் வேலையைக் கொடுப்பது சின்ன விசயமே? இதற்குப் பின்னால் நின்றவர் டொமினிக்கன் சபைக் குருவான மரி-அலன் கூத்துரியே. திறமை இல்லாத விசுவாசியைவிட, விசுவாசம் இல்லாத பெரும் கலைஞனே மேல் என்பது அவருடைய நிலைப்பாடு.

லெஜே என்ன செய்தார்? கூரைக்குக் கீழே கோயிலைச் சுற்றி ஒரு பட்டிபோல ஓடும் 17 யன்னல்களில் இயேசுவின் பாடுகளோடு சம்பந்தப்பட்ட பொருட்களை வைத்தார். ஆணி, குறடு, முள்முடி, அங்கி, தாயக்கட்டை. கண்ணாடியும் வழமையான மெல்லிய கண்ணாடி இல்லை. ஏறக்குறைய ஒரு அங்குலத் தடிப்பான நிறக்கண்ணாடித் துண்டுகளைச் சுத்தியலால் கொத்தி, கொங்கிறீற்றில் பதித்திருக்கிறார்கள். கொத்திய விளிம்புகளில் வெளிச்சம் உடைந்து சிதறும்.

குறட்டைப் பிடித்துப் பழகிய ஒருவர் பூசை நேரத்தில் நிமிர்ந்து பார்த்தால், தன்னுடைய கைக்குத் தெரிந்த சாமானே மேலே சிவப்பும் நீலமுமாக எரிவதைக் காண்பார். பாடுகள் எங்கேயோ பழைய காலத்தில் நடந்த கதையாக அவருக்குத் தோன்றாது. தொழிலாளியை மதித்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர் செய்ததால்தான் இது கைகூடியது என்று நினைக்கிறோம்.

"அப்ப விசுவாசிக்கு இடமில்லையா?" எண்டு கேட்கலாம். இருக்கு. அதே கோயிலின் திருமுழுக்கு மண்டபத்தில் உள்ள கண்ணாடிகள் கத்தோலிக்கரான ஜான் பாசெனுடையவை. அங்கே உருவமே கிடையாது, நிறம் மட்டும்தான். வேடிக்கையைப் பாருங்கோ: விசுவாசி நிறத்தோடு நின்றுகொண்டார், ஆணியையும் முள்முடியையும் தெளிவாகக் காட்டியவர் கொம்யூனிஸ்ட்!

எதிர்ப்பு சும்மா பேச்சளவில் நிற்கவில்லை. நோவரினா கட்டிய இன்னொரு கோயில் அசியில் இருக்கிறது. அங்கே ஜெர்மன் ரிசியே செய்த சிலுவைநாதர் சிலையை, ஒடன்கூர் கோயில் நேர்ந்தளிக்கப்பட்ட அதே 1951இல், ஆயரின் உத்தரவின்பேரில் பீடத்திலிருந்து அகற்றினார்கள். பல வருடம் கழித்து அது திரும்பவும் பீடத்துக்கு வந்தது.

ஆகவே கோயிலுக்குக் கலைஞரைத் தேடும்போது ஞானஸ்நான அத்தாட்சியைக் கேட்கமுதல் வேறொன்றைக் கேட்கவேணும்: அங்கே முழந்தாளிடப்போகும் சனங்களின் வாழ்க்கை இவருக்குத் தெரியுமா?