மடியில் கனமில்லாதவருக்கும் வழியில் பயம் உண்டு

முதியோர் உதவித்தொகை வாங்கும் ஓர் ஆயாவை விசாரிக்க வி.ஏ.ஓ. வருகிறார் என்று தெரிந்தால், நெய்வேலியைச் சுற்றியுள்ள ஊர்களில் தெருவே கூடி ஆறுதல் சொல்லும். "மடியில கனமில்ல, வழியில என்ன பயம்? உள்ளத உள்ளபடி சொல்லு ஆயா, போதும்." நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் ஏழைகளுக்கு இதைவிடக் கேடு செய்த அறிவுரை வேறு இல்லை என்பேன். உண்மையாக நடப்பவருக்கு விசாரணையில் ஒன்றும் ஆகாது, தயாராகிப் போகிறவர் எதையோ மறைக்கிறார் என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. அந்த நம்பிக்கை தவறு.

உதவித்தொகை விசாரணை ஒருவருடைய நேர்மையை அளப்பதில்லை. அவருடைய காகிதங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிறது. ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் இன்னொரு எழுத்தில் அதே பெயர், வங்கிப் புத்தகத்தில் கணவர் பெயரின் முதலெழுத்து, வாக்காளர் அட்டையில் தகப்பனார் பெயரின் முதலெழுத்து. பிறப்புச் சான்று என்ற ஒன்றே இல்லாத தலைமுறைக்கு வயது அட்டைக்கு அட்டை மாறும். இவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. பெயரையும் வயதையும் யாரோ எழுதினார்கள், இவர்கள் கைநாட்டு வைத்தார்கள். புரோக்கரைப் பிடித்து வரும் பொய்யருக்கு எல்லாத் தாளிலும் ஒரே பெயர், ஒரே வயது. விசாரணையில் தடுமாறுவது பெரும்பாலும் முதல் வகையார்தான்.

கேள்விகளிலேயே மிக எளிதாகத் தோன்றுவது ஒன்று உண்டு: "மகன் பார்த்துக்கொள்கிறானா?" தமிழ்நாட்டில் 1962இல், காமராஜர் ஆட்சியில் தொடங்கிய இந்த உதவித்தொகைக்கு, ஆதரவற்றவர் என்பது அடிப்படைத் தகுதி. 2023 ஆகஸ்டில் அது மாதம் 1,200 ரூபாய் ஆனது. இந்தப் பணத்துக்காக ஒரு தாய், தெருவில் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்க, "என் பிள்ளை எனக்குச் சோறு போடுவதில்லை" என்று சொல்ல வேண்டும். எந்தத் தாய் சொல்வாள்? "நல்லாத்தான் பாத்துக்கறான் சார்" என்பாள். தீபாவளிக்கு வந்து புடவை கொடுத்துவிட்டுப் போன மகனை நினைத்துக்கொண்டு சொல்வாள். அது பொய்யும் அல்ல, அவளுக்கு அது மானம். படிவத்தில் "மகன் பராமரிப்பில் உள்ளார்" என்று ஒரு வரி ஏறும். அந்த ஒரு வரி போதும், தொகை நிற்பதற்கு. உள்ளதைச் சொல் என்று அனுப்பிவைத்தவர்கள், உள்ளது எது என்று அவளோடு உட்கார்ந்து பேசினார்களா? மாதம் எவ்வளவு தருகிறான், எத்தனை மாதம் தரவில்லை, மாத்திரைக்கு யார் காசு, இரவில் யார் வீட்டில் படுக்கிறாள்? இவற்றை முன்கூட்டியே ஒருமுறை பேசியிருந்தால், மகனைத் தூற்றாமலே தன் நிலைமையைச் சொல்ல அவளுக்கு வார்த்தை கிடைத்திருக்கும்.

நெய்வேலியில் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. "பையன் எங்கே வேலை?" என்றால், "என்.எல்.சி.யில" என்று பதில் வரும். 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்து இந்த வட்டாரத்துப் பேச்சு அப்படித்தான். நிரந்தரத் தொழிலாளியும் என்.எல்.சி.தான், இன்கோசர்வ் என்ற ஒப்பந்தத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் வழியாகப் போகிறவரும் என்.எல்.சி.தான், ஒரு காண்டிராக்டரிடம் தினக்கூலிக்குப் போய், வேலை இல்லாத நாளில் வீட்டில் இருப்பவரும் என்.எல்.சி.தான். கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15இல் தொடங்கியபோது, பொதுத்துறை நிறுவன ஊழியர் குடும்பங்களுக்கு அது இல்லை என்பது விதி. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டைத் தாண்டக் கூடாது என்பனவும் விதிகள். பத்தாயிரக்கணக்கில் சம்பளம் வாங்கும் வீட்டையும் கூலி வீட்டையும் "என்.எல்.சி." என்ற ஒரே சொல் மூடிவிடுகிறது. யாரிடம் வேலை, என்ன வகை, கையில் எவ்வளவு என்று சம்பளச் சீட்டோடு சொன்னால்தான் விசாரிக்கிறவர் விதியை ஒழுங்காகப் பொருத்திப் பார்க்க முடியும்.

நிலமும் அப்படித்தான். "நிலம் இருக்கிறதா?" என்ற கேள்விக்கு, சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த ஊர்க்காரர் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல முடியாது. இருந்தது, எடுத்துக்கொண்டார்கள், இழப்பீடு வந்தது, மகள் கல்யாணத்துக்கும் மருத்துவத்துக்கும் போய்விட்டது. இதைச் சொல்ல ஒரு கதை வேண்டும், கதைக்குத் துணையாகக் கையகப்படுத்திய ஆணையின் நகல் வேண்டும். இரண்டும் இல்லாமல் "இருந்துச்சுங்க" என்று மட்டும் சொன்னவரின் கணக்கில் அந்த நிலம் இன்னும் சொத்தாகவே நிற்கக்கூடும்.

பிறகு விரல். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் கையை நெருங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கொட்டை ஓட்டின் எண்ணெய் பட்டுத் தோல் கருகி உரியும். ரேகை தேய்ந்த அந்த விரலை இயந்திரத்தில் வைத்தால், ஆள் பொருந்தவில்லை என்று வரும். அந்தப் பெண் வாழ்நாளில் ஒரு பொய்யும் சொல்லாதவளாக இருக்கலாம். அவள் உழைத்த உழைப்பே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. விரல் ஒத்துவராதவருக்கு நலத்திட்டத்தை மறுக்கக் கூடாது, மாற்று வழியில் சரிபார்க்க வேண்டும் என்று ஆதார் ஆணையம் 2017 அக்டோபர் 24இல் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு போகிற பெண் "கண்ணை வைத்துப் பாருங்கள், வேறு சான்றை வாங்கிக்கொள்ளுங்கள்" என்று கேட்பாள். தெரியாதவள் திரும்பி நடப்பாள்.

இது நம் ஊரோடு நிற்கும் கதையும் அல்ல. 2022இல் ஹரியானாவின் ரோத்தக்கில், ஏடுகளில் இறந்தவராகிவிட்ட 102 வயது முதியவர், தான் உயிரோடு இருப்பதைக் காட்ட மாப்பிள்ளை ஊர்வலம் போல ரதத்தில் வர வேண்டியிருந்தது. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவி வாங்கிய ஆயிரக்கணக்கான பெற்றோரை, விடுபட்ட கையெழுத்து போன்ற சிறு பிழைகளுக்காக மோசடிக்காரர்கள் என்று வரித்துறை முத்திரை குத்தியது. கடன்பட்டு, வீடிழந்து குடும்பங்கள் சிதைந்தன. 2021 ஜனவரியில் அந்த அரசே பதவி விலகியது. அந்தப் பெற்றோர் மடியிலும் கனம் இல்லை.

சோதனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. இறந்தவர் பெயரில் பணம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது ஏழைகளின் பணம், கண்காணிக்கத்தான் வேண்டும். "சொல்லிக்கொடுத்து அனுப்பினால் பொய் சொல்லப் பழக்குவதாகாதா?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஆண்டுதோறும் கருவூலத்தில் ஓய்வூதியர் நேர்காணலுக்குப் போகிறார். ஓய்வூதிய ஆணை, ஆதார், வங்கிப் புத்தகம், எல்லாவற்றுக்கும் நகல், தனிக் கோப்பு. சங்கத்தார் என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். அதைப் பொறுப்பு என்கிறோம். அதே வேலையை முந்திரி உடைக்கும் பெண் செய்தால் மட்டும் அது சந்தேகத்துக்குரியதாகிவிடுமா? படித்தவருக்கு ஒழுங்காகத் தெரிவது, படிக்காதவரிடம் கள்ளமாகத் தெரிவது எந்த நியாயம்?

ஆகவே விசாரணைக்கு முந்தைய மாலையில், வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த பேத்தி ஒருத்தி ஆயாவோடு உட்கார வேண்டும். எல்லா அட்டைகளிலும் உள்ள பெயரையும் வயதையும் உரக்கப் படித்து, எங்கே மாறுகிறது, ஏன் மாறுகிறது என்று ஒரு தாளில் எழுத வேண்டும். பிழையை நாமே முன்வைத்தால் அது விளக்கம். அவர்கள் கண்டுபிடித்தால் அது குற்றச்சாட்டு. வங்கிப் புத்தகத்தில் ஓராண்டு வரவைப் பதிந்து வைக்க வேண்டும். இடையில் எப்போதாவது பெருந்தொகை வந்திருந்தால் (நகை அடகு, சீட்டுப் பணம், மருத்துவத்துக்கு யாரோ அனுப்பியது) அதன் ரசீதைத் தேட வேண்டும். தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லலாம், ஊகித்துச் சொல்ல வேண்டியதில்லை என்பதை ஆயாவுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். அதிகாரி எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லாமல் கைநாட்டு வைக்கக் கூடாது. வெற்றுத்தாளில் ஒருபோதும் கூடாது. துணைக்கு ஓர் ஆள் இருக்கட்டும், ஆனால் பதில் ஆயாவின் வாயிலிருந்தே வரட்டும்.

அதற்குப் பிறகும் தொகை நின்றால், காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். "ஆன்லைன்ல கேன்சல் ஆயிடுச்சு" என்பது காரணம் ஆகாது. சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தாரிடம் மனு கொடுக்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் விசாரணை அறிக்கையின் நகலைக் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். மகளிர் உரிமைத் தொகை மறுக்கப்பட்டால், குறுஞ்செய்தி வந்த 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்ய வழி வைத்திருக்கிறார்கள். கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டம் நடக்கிறது. அங்கே போகிறவர் மனு எண் போட்ட ரசீதைக் கையில் வாங்காமல் பஸ் ஏறக் கூடாது.