மூச்சுத் திணறலும் மனத் திணறலும்

கடந்த மழைக்காலத்தில் என் அக்கா மூன்றாவது முறையாக மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினார். அவருக்கு வயது 72. பீடி, சிகரெட் எதையும் வாழ்நாளில் தொட்டறியாதவர். ஆனால், காவிரிக் கரையோரச் சிற்றூர் ஒன்றில், புகைபோக்கி இல்லாத அடுக்களையில், சீமைக்கருவேல விறகை எரித்து ஏறத்தாழ 40 ஆண்டுகள் சமைத்தவர். அவருக்கு வந்திருப்பது, மருத்துவர்கள் சுருக்கமாக 'சிஓபிடி' என்று குறிப்பிடும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்.

உடல்நலம் விசாரித்த என்னிடம் அவர் சொன்னது இதுதான்: "ஊசி போடுகிறார்கள், ஆக்சிஜன் வைக்கிறார்கள், சரியாகிவிட்டது என்று அனுப்பிவிடுகிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு முட்டும்போது என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை தம்பி."

அத்தகைய இரவுகளில் அவர் தொலைபேசியில் அழைக்கும்போதெல்லாம், "பயப்படாதீர்கள் அக்கா, ஒன்றும் ஆகாது" என்று சொல்லி வைத்துவிடுவது என் வழக்கம். அவருடைய மருத்துவச் செலவை ஒரு ரூபாய் பிசகாமல் எழுதி வைத்திருந்தேன். ஆனால், ஓராண்டாக அவர் எந்தத் திருமணத்துக்கும் செல்லவில்லை, கோயிலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார் என்பது என் கவனத்தில் படவே இல்லை. பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு இது வெட்கத்தைத் தந்தது. கணக்கில் வராத இழப்பு இல்லாத இழப்பாகிவிடாது என்று மாணவர்களுக்குப் பல்லாண்டுகள் சொன்னவன் நான்.

இது ஒரு குடும்பத்தின் துயரம் மட்டுமன்று. 2021-ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 35 லட்சம் உயிர்களைப் பறித்த இந்நோய், உயிரிழப்புக்கான காரணங்களில் நான்காம் இடத்தில் இருப்பதாக உலக சுகாதார அமைப்பு கூறுகிறது. இந்தியாவில் 1990-இல் 2.8 கோடியாக இருந்த நோயாளிகளின் எண்ணிக்கை, 2016-இல் 5.5 கோடியாக உயர்ந்ததாக 'லான்செட்' குழும இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இந்நோயால் நாடு இழக்கும் ஆரோக்கியமான வாழ்நாள்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்குக் காற்று மாசும், ஏறத்தாழ கால் பங்குக்குப் புகையிலையும் காரணம் என்பதையும் அந்த ஆய்வு சுட்டிக்காட்டியது. காற்று மாசு என்பதில் வீட்டு அடுப்புப் புகையும் அடங்கும். ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு இணைப்பு வழங்கும் உஜ்வலா திட்டம் 2016-இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய தலைமுறைப் பெண்களின் நுரையீரலில் படிந்த புகைக்கு அது காலம் கடந்து வந்த உதவியே.

இந்நோயில் மனமும் உடலும் எவ்வளவு இறுக்கமாகப் பிணைந்துள்ளன என்பதைப் பலர் அறிவதில்லை. மூச்சுக்குழல்கள் குறுகிவிட்டதால், உள்ளே இழுத்த காற்று முழுமையாக வெளியேற நேரம் பிடிக்கிறது. அச்சம் ஏற்பட்டால் மூச்சு வேகமாகிறது. வெளிவிடக் கிடைக்கும் நேரம் மேலும் குறைகிறது. காற்று உள்ளேயே தேங்கி நெஞ்சு விம்ம, திணறல் கூடுகிறது. அது அச்சத்தை மேலும் வளர்க்கிறது. ஆகவே, இந்நோயாளியின் அச்சத்தைக் கற்பனை என்றோ மனபலம் இல்லாமை என்றோ ஒதுக்குவது தவறு. அது நோயின் ஒரு பகுதி.

இதைவிட மெதுவாகச் சுழலும் இன்னொரு சுழலும் உண்டு. மூச்சு வாங்கும் என்று அஞ்சி நோயாளி நடப்பதைக் குறைக்கிறார். நடை குறையக் குறையக் கால் தசைகள் வலுவிழக்கின்றன. பின்னர், சிறிது நடந்தாலே மூச்சு வாங்குகிறது. வெளியே செல்வது நின்று, வீடே உலகமாகிறது. கரோனாவுக்குப் பிறகு பொது இடத்தில் ஒருவர் இருமினால் பல தலைகள் திரும்புகின்றன. புகைபிடித்த ஆண்களுக்கோ, 'தானே வரவழைத்துக் கொண்டது' என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது. சோர்வு, உறக்கமின்மை, பசியின்மை ஆகியவை மனச்சோர்வின் அறிகுறிகள். நுரையீரல் நோயின் அறிகுறிகளும் அவையே. எனவே, மனச்சோர்வு கண்டறியப்படாமலேயே போய்விடுகிறது. மனம் சோர்ந்தவர் மருந்தை முறையாக எடுத்துக்கொள்வதில்லை. மீண்டும் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பும் அவருக்கு அதிகம்.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. 'நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி' என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட சிகிச்சை. அளவான நடை, கை கால் தசைகளுக்கான பயிற்சி, மூச்சைக் கையாளும் முறை, நோயைப் பற்றிய விளக்கம், மனநல ஆலோசனை ஆகியவை இணைந்தது அது. வாரத்துக்கு இரண்டு, மூன்று நாள்கள் என எட்டு வாரங்கள் அளவில் இது அளிக்கப்படுகிறது. 3,800-க்கும் மேற்பட்ட நோயாளிகள் பங்கேற்ற 65 ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான 'காக்ரேன்' மதிப்பாய்வு, இப்பயிற்சி மூச்சுத் திணறலையும் சோர்வையும் குறைப்பதோடு, மனநிலையையும், நோயைத் தம்மால் சமாளிக்க முடியும் என்ற நம்பிக்கையையும் மேம்படுத்துவதாக முடிவு கூறியது. இதற்கு விலையுயர்ந்த இயந்திரங்கள் தேவையில்லை. ஒரு நீண்ட தாழ்வாரம், நாற்காலி, சிறு எடைகள், பயிற்சி பெற்ற இயன்முறை சிகிச்சையாளர் ஒருவர் இருந்தால் போதும்.

பிறகு ஏன் இது பரவலாகவில்லை? எதற்குப் பணம் தரப்படுகிறதோ அதுவே சந்தையில் கிடைக்கும். நம் மருத்துவக் காப்பீடுகள், அரசினுடையவை ஆனாலும் தனியாருடையவை ஆனாலும், பெரும்பாலும் உள்நோயாளி சிகிச்சையை மையமாகக் கொண்டவை. அக்காவுக்காக நாங்கள் எடுத்திருந்த காப்பீட்டில், மூன்று முறை மருத்துவமனையில் சேர்ந்ததற்கும் பணம் வந்தது. நான்காம் முறை சேராமல் தடுக்கக்கூடிய புறநோயாளிப் பயிற்சிக்கு ஒரு ரூபாய்கூடக் கிடையாது என்று பதில் வந்தது. உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு வழங்க வேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். ஆனால், காப்பீடே படுக்கையில் சேர்ந்தால்தான் கிடைக்கும் எனும்போது, வாரம் ஒருமுறை ஆலோசகரைச் சந்திக்க வேண்டியவருக்கு அந்தச் சமத்துவத்தால் பயன் சொற்பமே.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு வாய்ப்பு உள்ளது. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்துகள் வீடு தேடிச் செல்கின்றன; இயன்முறை சிகிச்சையும் அளிக்கப்படுகிறது. இதே கட்டமைப்பின் வழியாக மூச்சுப் பயிற்சியையும் கொண்டுசெல்ல முடியும். வீடு தேடிச் செல்லும் பணியாளர், 'கடந்த இரு வாரங்களில் எதிலும் நாட்டமின்றி இருந்தீர்களா? மனம் சோர்ந்திருந்ததா?' என்ற இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டால், உதவி தேவைப்படுவோரை அடையாளம் காணலாம். 2022 அக்டோபர் முதல் 14416 என்ற எண்ணில் இயங்கும் 'டெலி-மானஸ்' மனநல ஆலோசனைச் சேவை தமிழிலும் கிடைக்கிறது. மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது தரப்படும் சீட்டில் அந்த எண்ணை அச்சிடுவதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை. மறுவாழ்வுப் பயிற்சியைக் காப்பீட்டுக்குள் கொண்டுவருவது சற்றுக் கடினம்தான். ஆனால், திரும்பத் திரும்ப மருத்துவமனையில் சேர்வதற்குத் தரப்படும் தொகையோடு ஒப்பிட்டால் அது சிக்கனமாகவே அமையும் என்பது என் கணிப்பு.

குடும்பத்தினரின் பங்கும் உண்டு. 'பயப்படாதே' என்பது மருந்து ஆகாது. அருகில் அமர்ந்து, முன்புறம் சற்றுக் குனிந்து கைகளை முழங்கால்களில் ஊன்றச் செய்து, மூக்கால் மூச்சை இழுத்து, சூடான காப்பியை ஊதி ஆற்றுவதுபோல் உதட்டைக் குவித்து மெதுவாக வெளிவிடச் சொல்லி, நாமும் உடன் செய்வதுதான் உதவி. திணறல் அடங்காவிட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

இயன்முறை சிகிச்சையாளர் ஒருவரிடம் எங்கள் செலவில் அக்கா எட்டு வாரங்கள் பயிற்சி பெற்றார். பழுதான நுரையீரல் மீளாது. நோய் அப்படியேதான் இருக்கிறது. ஆனால், தெருக்கோடியிலுள்ள பிள்ளையார் கோயில் வரை இருமுறை நின்று இளைப்பாறி நடந்துவிடுகிறார். இரவு அழைப்புகளும் குறைந்துவிட்டன. எங்களால் அந்தச் செலவை ஏற்க முடிந்தது. அதே தெருவில், அதே புகையில் சமைத்த மற்ற பெண்களில் எத்தனை பேரால் முடியும்? அவர்களுக்கும் இப்பயிற்சி கிடைக்கச் செய்வது அரசின் கடமை.