பிரேக் தூசியை ஊதாதீர்!

விடியற்காலை பால் வெட்டப் போகும் தொழிலாளிக்கும், ஆபீசுக்கு ஓடும் கிராணிக்கும் இன்று மோட்டார் சைக்கிள்தான் கால். அதன் பிரேக்கைத் துப்புரவு செய்யும் முறையோ கொடுமை! கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பட்டறை ஓரம் சற்று நின்று பாருங்கள். சக்கரத்தைக் கழற்றியதும் டிரம்மில் படிந்த கரிய தூசியைக் காற்றுக் குழாயால் ஊதுகிறார்கள். குழாய் இல்லாவிட்டால் வாயாலேயே ஊதுகிறார்கள். ஊதுகிற பையன்களில் பலர் நம் தோட்டத்துப் பிள்ளைகள்.

பழைய பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் எனும் கல்நார் கலந்திருந்தது. அது புற்றுநோய் தருவதென்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1977இலேயே கூறிற்று. நம் நாட்டிலும் 1986இல் கல்நார் வேலைக்கென விதிகள் பிறந்தன. ஆனால் மலிவுக் கட்டைக்குள் என்ன இருக்கிறதென்று யார் கண்டது? நோயோ 20, 30 ஆண்டுகள் கழித்தே தலைகாட்டும். அப்போது பட்டறை இராது, முதலாளியும் இரார்.

ஆகவே தூசியை ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள். ஒரு வாளித் தண்ணீர் தர முதலாளிமாருக்கு என்ன நட்டம்?

பெட்ரோலில் கழுவலாமே என்பார் சிலர். பெட்ரோலில் ஊறிய ரப்பர் உப்பிவிடும் என்பதை, ரப்பரோடு பிறந்து வளர்ந்த நமக்கா சொல்ல வேண்டும்! டிஸ்க் பிரேக்கின் சீல் உப்பினால் பிஸ்டன் இறுகிக்கொள்ளும். அங்கே சோப்பு நீரே போதும். கட்டையில் எண்ணெய் ஊறிவிட்டால் பிடிப்புப் போயிற்று; காசு பாராமல் மாற்றுங்கள். பூட்டிய பின் பிரேக்கைப் பலமுறை அழுத்தி, லயத்து வாசலிலேயே மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டுச் சாலையில் இறங்குங்கள்.