விழுங்கிய வாக்கியம்

2018 ஆகஸ்ட் 22 இரவு, முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் ஒன்பது ஷட்டர்கள் வெள்ளத்தில் போயின. அதற்குத் திருச்சியில் நான் கேட்ட விளக்கங்கள் இரண்டு. ஒன்று: “கட்டி 182 வருஷம் ஆச்சு, அதான் விழுந்துடுச்சு.” மற்றது: “வெள்ளைக்காரன் கட்டினது விழுந்துச்சு, கரிகாலன் கட்டினது ரெண்டாயிரம் வருஷமா நிக்குது. இப்ப சொல்லு, யாரு பெரிய இன்ஜினியர்?”

இரண்டுமே வாதம் இல்லை என்பது என் கட்சி. இரண்டும் ஆளுக்கொரு வாக்கியத்தை விழுங்கியிருக்கின்றன. அதை வெளியே எடுத்து உரக்கச் சொல்லிப் பார்த்தாலே போதும்.

முதலாவது விழுங்கியது: “அணை பழசானால் விழும்.” சரி, ஸ்ரீரங்கம் தீவின் மேற்குத் தலையில் முக்கொம்பு, கிழக்குக் கோடியில் கல்லணை. வயதுதான் காரணம் என்றால் முதலில் போயிருக்க வேண்டியது எது? விழுந்ததிலும் விழாததிலும் ஒருசேர இருக்கும் காரணம் எதையும் நிறுவாது. மணிமேகலை இதை ஏதுப்போலிகளில் ஒன்றாக வைத்து, அநைகாந்திகம் என்று பெயரும் சொல்கிறது.

இரண்டாவது விழுங்கியது: “கரிகாலன் விட்டுப்போன கல்லணைதான் இன்றும் அப்படியே நிற்கிறது.” இல்லையே! மேலணையைக் கட்டிய அதே ஆர்தர் காட்டன் கல்லணையில் மணல்போக்கிகள் அமைத்தார். காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் 1880-களில் ரெகுலேட்டர்கள் வந்தன. கல்லணைக் கால்வாய் 1934-இல் வந்தது. ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையைப் பழைய அணைகளைக் கட்டியவர்களிடம் கற்றதாகக் காட்டனே எழுதியிருக்கிறார். அவன் அணை, நம்ம அணை என்று பிரிக்கிற கோடு எங்கே இருக்கிறது?

கோபம் வருவது இங்கேதான். இரண்டு பேரும் சேர்ந்து விழுங்கியது இன்னொன்று: அணை தானாக நிற்கும், தானாக விழும். நடுவில் பராமரிப்பு இல்லை, அதற்கான பணம் இல்லை, பதில் சொல்ல வேண்டிய ஆளும் இல்லை. ஒருவர் பெருமையோடு வீட்டுக்குப் போகலாம், இன்னொருவர் ஃபைலை மூடலாம்.

விவசாயிகள் கொள்ளிடத்து மணல் அள்ளலைக் கைகாட்டினார்கள். அதிலும் சொல்லாத வாக்கியம் உண்டு: மணல் போனதால் படுகை தாழ்ந்து, அஸ்திவாரத்தடியில் அரிப்பு வந்தது. ஆனால் இதைப் படுகையில் இறங்கி அளந்து பார்க்கலாம். தப்பென்றால் தப்பென்று தெரிந்துவிடும். “வயசாச்சு” என்று சொல்பவர் எதையும் அளக்க வேண்டாம், யாரையும் கேட்கவும் வேண்டாம்.

அதே ஆகஸ்டில் ஸ்ரீரங்கத்தையும் நம்பர் ஒன் டோல்கேட்டையும் இணைத்த பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்களும் சரிந்தன. “அது 1928 பாலம் சார்” என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். “கடைசியாக யார், எப்போது கீழே இறங்கிப் பார்த்தார்கள்?” என்று கேளுங்கள்.