கண்ணீருக்குப் பாட்டு, கொலைகாரனுக்கு மௌனமா?



ஜூலை 30 தியாகிகள் தினத்தை ஒட்டி நம் புதுவையில் சில இளைஞர்கள் ஒரு படம் போட்டார்கள். நாமும் போய்ப் பார்த்தோம். 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கில் நடந்த 'வங்காள தேசத்துக்கான கச்சேரி'யையும், அது இசைத்தட்டாகி உலகப் புகழ் பெற்றதையும் பற்றி 2005-ல் வெளிவந்த ஆவணப்படம் அது.

படம் முடிந்ததும் ஒரு தம்பி சொன்னார்: "பார்த்தீர்களா தோழர்! அரசியலே பேசாமல், பாட்டாலேயே ஒரு தேசத்தைக் காப்பாற்றிவிட்டார்கள். நீங்கள்தான் எதற்கெடுத்தாலும் அரசியல் என்கிறீர்கள்!"

தம்பிக்குப் பதில் சொல்வது நம் கடமை.

நல்லதை முதலில் சொல்லிவிடுவோம். கச்சேரியை நடத்திய ஜார்ஜ் ஹாரிசன், இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுக நகரில் ஒரு பஸ் தொழிலாளிக்குப் பிறந்தவர். பீட்டில்ஸ் குழுவில் பாடிப் பேர் பெற்றவர். சிதார் மேதை ரவிசங்கர் கேட்டுக்கொண்டதற்காக இந்தப் பாரத்தைத் தோளில் ஏற்றார். கலைஞர்கள் கூலி வாங்காமல் பாடினார்கள். பகலும் இரவுமாக இரண்டு ஆட்டத்துக்கு 40,000 பேர் திரண்டார்கள். வசூலான 2,43,418 டாலர் ஐ.நா. குழந்தைகள் நிதிக்குப் போயிற்று. வங்காள தேசம் என்ற பெயரையே வாஷிங்டன் ஏற்காத நாளில் அந்தப் பெயரை அமெரிக்க வீடுகளுக்குள் கொண்டுபோனார்கள். இவர்களை நாம் கேலி செய்ய மாட்டோம்.

ஆனால் அந்த மேடையில் ரவிசங்கர், நாங்கள் அரசியல் செய்ய வரவில்லை, கலைஞர்கள் என்றார். தம்பி பிடித்துக்கொண்டது இதைத்தான். நாம் கேட்கிறோம்: ஒரு கோடி மக்கள் வீடு வாசலை விட்டு இந்தியாவுக்கு ஓடி வந்தார்களே, அவர்களைத் துரத்தியது யார்? புயலா? பஞ்சமா?

மார்ச் 25 இரவு டாக்காவில் மக்கள் மீது பாய்ந்தது யாஹ்யாகானின் ராணுவம். அதன் கையில் இருந்தவை அமெரிக்க டாங்கிகள், அமெரிக்க விமானங்கள்! டாக்காவில் இருந்த அமெரிக்கத் துணைத் தூதர் ஆர்ச்சர் பிளட்டும் சகாக்களும் ஏப்ரல் 6 அன்று தந்தி அடித்துத் தங்கள் சர்க்காரையே கண்டித்தார்கள். நிக்சன் என்ன செய்தார்? பிளட்டை அங்கிருந்து மாற்றினார். டிசம்பரில் வங்கக் கடலுக்குப் போர்க்கப்பலை அனுப்பினார். மக்கள் சீனமும் அன்று யாஹ்யாகான் பக்கமே நின்றது. நமக்குக் கசக்கிறதுதான், பெயர் சொல்வதென்றால் எல்லாப் பெயரையும் சொல்ல வேண்டும்.

கச்சேரிக்கு டிக்கட் வாங்கியவரின் ஒரு கை குழந்தைக்குப் பால் கொடுத்தது. மறு கையிலிருந்து பிடுங்கிய வரி கொலைகாரனுக்கு வேண்டியவனிடம் போயிற்று. இதை அவருக்கு யார் சொல்வது?

பணத்தின் கதையையும் கேளுங்கள். இசைத்தட்டுக் கம்பெனிகள் பங்குக்குப் பேரம் பேசின. தட்டு அமெரிக்காவில் வெளிவந்தது டிசம்பர் 20-ல். அதற்கு நான்கு நாள் முன்பே, டிசம்பர் 16-ல், டாக்கா விடுதலை அடைந்துவிட்டது! விடுதலையைக் கொண்டுவந்தவர்கள் முக்தி வாகினியில் துப்பாக்கி ஏந்திய விவசாயி மகனும் மாணவனும், துணை நின்ற இந்தியப் படையும். தட்டிலும் படத்திலும் வந்த பெரும்பணமோ, முன்கூட்டியே தர்மக் கணக்கில் பதியவில்லை என்று அமெரிக்க வரி இலாகாவில் பல ஆண்டுகள் முடங்கிற்று.

கலையும் அரசியலும் ஒட்டாதா? இதே ரவிசங்கர் இளமையில் மக்கள் நாடக மன்றத்தில் இருந்தவர். 1943 வங்கப் பஞ்சத்தைப் பற்றி அந்த மன்றம் எடுத்த 'தர்த்தி கே லால்' படத்துக்கு 1946-ல் இசை அமைத்தவர் அவரே. அங்கே பசி வானத்திலிருந்து விழவில்லை. அரிசியைப் பதுக்கியவனும் நிலத்தைப் பறித்தவனும் திரையிலேயே நின்றார்கள். அதனால் அந்த இசை கெட்டா போயிற்று?

நம் ஊருக்கு வாருங்கள். 1936 ஜூலை 30-ல் பிரெஞ்சு ஏகாதிபத்தியத்தின் குண்டுக்கு 12 ஆலைத் தொழிலாளர் பலியானார்கள். அநாதையான பிள்ளைகளைப் பாடி, சுட்டவனை விட்டுவிட்டால் அது அஞ்சலியா? எட்டு மணி நேர வேலைக்காக நின்றார்கள், அதற்காகச் சுட்டார்கள் என்று சொன்னதால்தானே உரிமை வந்தது! அந்த ஆலைகள் இன்று மூடிக் கிடக்கின்றன. புயல் வந்தால் நம் வயல் கூலிகளுக்கு ஐந்து கிலோ அரிசி கொடுத்துப் படம் பிடிக்கிறார்கள். குடிசை ஏன் தாழ்விலேயே இருக்கிறது, ஆலைக் கதவு ஏன் திறக்கவில்லை என்று கேட்டால் மட்டும் "அரசியல் பேசாதே" என்கிறார்கள்.

அந்தக் கச்சேரியில் சிதாருக்கும் சரோதுக்கும் சுருதி சேர்த்ததற்கே கூட்டம் கைதட்டிவிட்டது. பாட்டு ஆரம்பமே ஆகவில்லை! நிவாரணமும் சுருதி சேர்ப்பதுதான், தம்பி. அதுவும் வேண்டும். ஆனால் அதற்கே கைதட்டிவிட்டு எழுந்து போய்விடாதே. பாட்டு இனிமேல்தான்.

படத்தை ஆலைப் பகுதியிலும் சேரியிலும் போடு. நாங்களும் வருகிறோம். படம் முடிந்த பிறகு விளக்கைப் போட்டு, குற்றவாளியின் பெயரையும் சேர்த்துச் சொல்வோம்!